விரல் நுனி சொல்லாத கணக்கு: ஜோன் ஸ்கொட் ஹால்டேனும் நமது லயங்களும்

கொரோனாக் காலம் நம்மிடம் விட்டுப்போன பொருட்களில் ஒன்று பல்ஸ் ஒக்சிமீட்டர். துணி காயப்போடும் கிளிப்பைப் போல விரலைக் கவ்வும் அந்தச் சின்னக் கருவி இன்று ஆஸ்பத்திரி வார்ட்டில் மட்டுமல்ல, சில லயன் வீடுகளின் அலுமாரியிலும் கிடக்கிறது. 97, 98 என்று இலக்கம் வந்தால் மனம் ஆறுகிறது. 90க்குக் கீழே இறங்கினால் வாகனம் தேடி ஓடுகிறோம். ஆனால் அந்த இலக்கம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நம்மில் பலருக்கு யாரும் விளக்கியதில்லை.

நான் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் டிவிஷனிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வேலையின் முதல் பாதி வவுனியாவிலும் அதைச் சுற்றியும் போருக்குள் கழிந்தது. மறுபாதி மலையகத்தில். இரண்டு இடங்களிலும் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு மூச்சு வாங்குகிறது என்பதுதான். ஷெல் துண்டு நெஞ்சில் இருப்பவருக்கும் மூச்சு வாங்கும். நிமோனியா வந்த குழந்தைக்கும் வாங்கும். மலை ஏறிக் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் வாங்கும். வெளியில் ஒன்றாகத் தெரியும் இந்தத் துன்பத்துக்குப் பின்னால் வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன். ஒக்சிமீட்டரை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கருவி காட்டும் இலக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஓரறை வீடுகளின் இரவுக் காற்று

ஹால்டேன் 1860 மே மாதத்தில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். வசதியான, செல்வாக்கான குடும்பம். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் பின்னாளில் பிரித்தானியாவின் போர் அமைச்சராக இருந்தவர். 1884இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்ற ஹால்டேன், சொந்தமாக மருத்துவமனை வைத்துச் சம்பாதிக்கப் போகவில்லை. டண்டி நகரத்துக்குப் போனார். வங்காளத்திலிருந்து வந்த சணலைச் சாக்காக நெய்யும் ஆலைகள் நிறைந்த ஊர் அது. ஆலைத் தொழிலாளர்கள் ஒற்றை அறை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

ஹால்டேனும் அவரோடு வேலை செய்தவர்களும் இரவு பன்னிரண்டரைக்கும் நாலரைக்கும் இடையில், முன்கூட்டியே சொல்லாமல் அந்த வீடுகளின் கதவைத் தட்டினார்கள். ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அறைக் காற்றைப் போத்தல்களில் பிடித்துக்கொண்டுபோய் அளந்தார்கள். பகலில் கதவு திறந்திருக்கும்போது அளந்தால் உண்மை தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1887இல் வெளிவந்த அந்த ஆய்வு, ஓரறை வீடுகளின் காற்றில் காபனீரொட்சைட்டும் கிருமிகளும் அதிகம் என்றும், அங்கே வாழ்பவர்களின் இறப்பு வீதம் நான்கு அறைகளோ அதற்கு மேலோ உள்ள வீடுகளில் வாழ்பவர்களுடையதைவிட அதிகம் என்றும் காட்டியது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் பிறந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரே கூரை, முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், காற்று வர வழியில்லாத சுவர், உள்ளேயே விறகடுப்பு. ஆனால் அனுபவமாக நமக்குத் தெரிந்ததை ஒருவர் நடு இரவில் வந்து அளந்து, இலக்கமாக எழுதி, அரசாங்கம் மறுக்க முடியாதபடி மேசையில் வைத்தார். அதுதான் அவருடைய வேலை செய்யும் முறை. சாகும்வரை அவர் அதை மாற்றவில்லை.

டண்டியிலிருந்து ஒக்ஸ்போர்ட்டுக்குப் போனார். அங்கே அவருடைய மாமா ஜோன் பேர்டன் சாண்டர்சன் உடற்றொழிலியல் பேராசிரியர். ஒக்ஸ்போர்ட்டில் 1905இல் பிரிஸ்ட்லி என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து ஹால்டேன் வெளியிட்ட கண்டுபிடிப்பு, இன்றைக்கும் ஒவ்வொரு தாதியும் படிக்கும் பாடம். நம்மை மூச்சு விட வைப்பது முக்கியமாக ஒட்சிசன் குறைவு அல்ல, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவது. மூளை அதைத்தான் காவல் காக்கிறது. ஒட்சிசன் குறைந்தாலும், காபனீரொட்சைட்டு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருந்தால் உடம்பு பெரிதாக அலறுவதில்லை.

கொரோனாக் காலத்தில் சிலர் நன்றாகக் கதைத்துக்கொண்டே, தேநீர் குடித்துக்கொண்டே இருந்தார்கள். விரலில் மாட்டிப் பார்த்தால் எண்பதுக்குக் கீழே இருந்தது. அந்த விந்தைக்கு விளக்கம் நூறு வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. ஒட்சிசன் குறைவைக் கண்டுபிடிக்க உடம்பிடம் நம்பகமான மணி இல்லை. அதனால்தான் கருவி தேவைப்படுகிறது.

சுரங்கத்தில் சிவந்த முகங்கள்

1896 ஜனவரியில் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டு 57 பேர் இறந்தார்கள். வெடிப்பின் வேகத்தால் இறந்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹால்டேன் நேரில் போய்ச் சடலங்களைப் பார்த்தார். பெரும்பாலானவர்களின் முகமும் தோலும் உயிரோடு இருப்பவர்களுடையதைப்போல இளஞ்சிவப்பாக இருந்தன. அவர்களைக் கொன்றது வெடிப்புக்குப் பிறகு சுரங்கத்தில் பரவிய காபனோரொட்சைட்டு என்பதை இரத்தத்தைச் சோதித்து உறுதிசெய்தார். அப்படியானால் வெடிப்பில் தப்பியவர்களைக் காப்பாற்ற நேரம் இருந்திருக்கிறது என்பதே அதன் அர்த்தம்.

காபனோரொட்சைட்டு என்ன செய்யும் என்று அவருக்கு வெளியிலிருந்து மட்டும் தெரிந்திருக்கவில்லை. அதற்கு முந்திய வருடம் தானே அதைச் சுவாசித்து, தன் இரத்தத்தை இடைக்கிடை எடுத்துச் சோதித்து, தள்ளாடி விழும் நிலை வரை குறிப்பு எழுதியிருந்தார். ஒரு கட்டத்தில் அவருடைய இரத்தத்தில் 56 சதவீதத்தை அந்த வாயு பிடித்திருந்தது. தன் உடம்பில் செய்து பார்க்காததை அடுத்தவர் உடம்பில் செய்ய அவர் விரும்புவதில்லை.

சுரங்கத்துக்குள் சின்ன விலங்கைக் கொண்டுபோகும் யோசனை அவருடையது. சுண்டெலியும் கனேரிப் பறவையும் மனிதரைவிட வேகமாகச் சுவாசிப்பதால் நஞ்சு அவற்றை முதலில் வீழ்த்தும். பறவை கூட்டில் தள்ளாடினால் தொழிலாளி வெளியே ஓட வேண்டும். பிரித்தானியச் சுரங்கங்களில் கனேரிகள் 1986 வரை இருந்தன. இரத்தத்தில் ஒட்சிசன் போதவில்லை என்று எச்சரித்த முதல் கருவிகளில் அந்தப் பறவையையும் சேர்க்கலாம்.

தன் மகனையும் அவர் விடவில்லை. சிறுவனாக இருந்த ஜேக்கைச் சுரங்கமொன்றுக்குக் கூட்டிப்போய், மீதேன் வாயு தேங்கிய இடத்தில் நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தின் பேச்சு ஒன்றை ஒப்புவிக்கச் சொன்னார். பையன் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிக் கீழே விழுந்தான். தரையில் விழுந்ததும் மூச்சு சரியாக வந்தது. மீதேன் காற்றைவிட இலேசானது, மேலேதான் தேங்கும் என்பதை அவன் பிறகு மறக்கவே இல்லை. அந்தப் பையன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பெயரில் உலகம் அறிந்த உயிரியலாளர். 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, அந்நாட்டுப் பிரசையாகி, 1964 டிசம்பர் 1ஆம் திகதி புவனேஸ்வரில் இறந்தார்.

டைலர்ஸ்டவுன் பாடம் நம் வீட்டு அடுப்புக்கும் பொருந்தும். விரலில் மாட்டும் சாதாரண ஒக்சிமீட்டருக்கு ஒட்சிசன் ஏறிய இரத்தத்துக்கும் காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் சிவப்பு. மூடிய காம்பராவில் குளிருக்குக் கரி மூட்டி வைத்துத் தூங்கி மயங்கியவருடைய விரலில் அது 98 காட்டலாம். நுவரெலியாக் குளிரில் இதைத் தெரிந்துவைத்திருப்பது உயிர் காக்கும். இப்படி மயங்கியவருக்கு இலக்கத்தைப் பார்க்கக்கூடாது. உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கிவந்து, ஒட்சிசன் கொடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

கோர்ன்வோல் புழுவும் தோட்டத்துப் புழுவும்

1902இல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் டொல்கோத் என்ற தகரச் சுரங்கத்தில் தொழிலாளர்கள் வெளிறிப்போய், சில படிகள் ஏறவும் முடியாமல் மூச்சு வாங்கினார்கள். சுரங்கக் காற்றுக் கெட்டுவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். காற்று நிபுணரான ஹால்டேனை அரசாங்கம் அனுப்பியது. அவர் காற்றை அளந்தார். இந்த நோய்க்குக் காரணமாக எதுவும் அதில் இல்லை. பிறகு தொழிலாளர்களின் இரத்தத்தை அளந்தார். அங்கேதான் குறை இருந்தது. ஹீமோகுளோபின் மிகக் குறைவு. பொய்க்கொட் என்ற வைத்தியரோடு சேர்ந்து தேடியபோது காரணம் குடலில் கிடைத்தது: கொக்கிப்புழு.

சுரங்கத்தின் அடியில் வெப்பமும் ஈரமும். மலசலகூடம் கிடையாது. ஆட்கள் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே மலம் கழித்தார்கள். அந்த மண்ணிலிருந்து புழுக்குஞ்சு தோலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலில் கொக்கி போட்டு இரத்தம் குடித்தது. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. சுரங்கத்துக்குள் மலசலகூட வசதி வேண்டும் என்று எழுதினார். காற்று நிபுணர் கடைசியில் கக்கூஸ் கேட்டார்.

நம் மலைகளுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. கோர்ன்வோலில் கண்ட அதே புழு இலங்கைத் தோட்டங்களில் பல ஆயிரம் பேரின் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு வேலை, மலசலகூடம் இல்லாத லயன், மழை, ஈரமண். குளிர் கடுமையான உச்சித் தோட்டங்களைவிட வெப்பம் கூடிய நடுமட்ட, கீழ்மட்டத் தோட்டங்களில் அது நன்றாகப் பெருகியது. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மருந்து கொடுப்பது இலகுவாக இருந்தது. மலசலகூடம் கட்டுவதற்குச் செலவு செய்ய வேண்டிய இடத்தில் இழுபறி வந்தது. மருந்து குடித்த தொழிலாளி அதே மண்ணில் கால் வைத்துத் திரும்பவும் புழுவை வாங்கிக்கொண்டார்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அளக்க ஹால்டேன் 1901இல் ஒரு கருவியைத் திருத்தி அமைத்திருந்தார். விரலில் குத்தி எடுத்த இரத்தத் துளியை நீரில் கலந்து, அதனுள் நிலக்கரி வாயுவைச் செலுத்தி, வரும் நிறத்தை மாதிரி நிறத்தோடு ஒப்பிடுவது. ஆரோக்கியமான ஆணின் 100 மில்லிலீற்றர் இரத்தம் 18.5 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும் என்பதை அவர் அளவுகோலாக வைத்தார். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதுவே நடைமுறையில் இருந்தது.

இந்தக் கணக்கைத்தான் விரல் நுனி சொல்லாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். 14 கிராம் இருப்பவரின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் கிட்டத்தட்ட 18 மில்லிலீற்றருக்கு மேல் ஒட்சிசன் போகும். 7 கிராம் இருப்பவருக்கு அதில் பாதிதான். ஆனால் இரண்டு பேருக்கும் ஒக்சிமீட்டர் 98 காட்டும். ஏனென்றால் இருக்கின்ற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. பத்துக் கூடையில் பத்தும் நிரம்பினாலும் நூறு சதவீதம், ஐந்து கூடையில் ஐந்தும் நிரம்பினாலும் நூறு சதவீதம். எத்தனை கூடை என்று அது எண்ணுவதில்லை.

ஒரு தோட்டத்து மருந்தகத்தில் நான் கண்ட ஒரு தாயை மறக்க முடியாது. மலையில் ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது என்று இரண்டு தடவை வந்திருந்தார். இரண்டு தடவையும் விரலில் மாட்டிப் பார்த்து, 97 இருக்கிறது, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குக் கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்தது வேறு. மூன்றாம் தடவை நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 6க்குக் கிட்ட. கீழ் இமையை இழுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கருவி பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மலை உச்சியில் ஒரு தவறான நம்பிக்கை

1911இல் ஹால்டேன் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் சிகரத்தில், 4,300 மீற்றர் உயரத்தில், சக ஆய்வாளர்களோடு ஐந்து வாரம் தங்கினார். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் என்பதை வைத்து உயரத்தை நினைத்துப் பாருங்கள். முதல் நாட்களில் உதடு நீலமாகும், தலைவலிக்கும், தூங்கும்போது மூச்சு விட்டுவிட்டு வரும். நாட்கள் போகப் போக உடம்பு பழகும். மூச்சு ஆழமாகும், ஹீமோகுளோபின் கூடும். குழுவில் இருந்த மேபல் ஃபிட்ஸ்ஜெரல்ட் என்ற பெண் சிகரத்தில் தங்காமல், கொலராடோவின் சுரங்கக் குடியிருப்புகளுக்குத் தனியாகப் பயணம் செய்து, வேறு வேறு உயரங்களில் வாழ்பவர்களின் மூச்சையும் இரத்தத்தையும் அளந்தார். உயரம் கூடக் கூட ஹீமோகுளோபினும் கூடுகிறது என்று காட்டியவர் அவர்தான். ஒக்ஸ்போர்ட் அவருக்குப் பட்டம் கொடுத்தது 1972இல், அவருடைய நூறாவது வயதில்.

இதிலிருந்து நமக்கு இரண்டு விடயங்கள். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அங்கே வாழும் ஆரோக்கியமானவருடைய விரலில் கொழும்பில் இருப்பவரைவிட ஓரிரண்டு சதவீதம் குறைவாகக் காட்டினால் பயப்படத் தேவையில்லை. அடுத்தது, மலையில் வாழும் உடம்புக்குச் சமதரையைவிடக் கொஞ்சம் கூடுதல் ஹீமோகுளோபின் வேண்டும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது கடல் மட்டக் கணக்கு. உயரத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூட்டாமல் பார்த்தால் மலையகத்தின் இரத்தசோகை கணக்கில் குறைந்து தெரியும்.

பைக்ஸ் பீக்கில் ஹால்டேன் ஒரு தவறான முடிவோடும் இறங்கினார். ஒட்சிசன் குறையும்போது நுரையீரலே அதைச் சுரந்து இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று அவர் நம்பினார். கேம்பிரிட்ஜின் ஜோசப் பார்க்ரொஃப்ட் 1920இல் ஒட்சிசன் குறைந்த கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் இருந்து, கடைசியில் தன் நாடியைத் திறந்து இரத்தம் எடுத்துச் சோதித்தார். நுரையீரல் எதையும் சுரக்கவில்லை. காற்றில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பவே இரத்தத்துக்குப் போகிறது. ஹால்டேன் கடைசிவரை தன் நம்பிக்கையைக் கைவிடவில்லை. இவ்வளவு கவனமாக அளந்தவரும் ஒரு விடயத்தில் தன் விருப்பத்தை அளவுக்கு மேலே வைத்தார். இதைச் சொல்வதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது.

கடலுக்கடியிலும் அவர் கணக்குப் போட்டார். பிரித்தானியக் கடற்படைக்காக ஆடுகளை வைத்துச் சோதித்து, சுழியோடி எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். சிலிண்டரோடு சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடும் நம் வடபகுதி இளைஞர்கள் அவசரமாக மேலே வந்து கால் விளங்காமல் போவது, அந்த அட்டவணை தடுக்க நினைத்த அதே நோய்தான்.

ஈப்பரில் வந்த புகை

1915 ஏப்ரல் 22ஆம் திகதி மாலை, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துக்கு அருகே ஜேர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. பச்சை மஞ்சள் புகை அகழிகளுக்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறினார்கள். அடுத்த சில நாட்களில் ஹால்டேன் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு 55 வயது நெருங்கியிருந்தது. நீலம் பாய்ந்த முகத்தோடு, நெஞ்சுக்குள் நீர் கட்டி, மூழ்குபவர்களைப்போலத் தவித்தவர்களைப் பார்த்தார். வாயு எது என்று சொன்னார். வீடு திரும்பி, அதே வாயுவை அடைத்த அறைக்குள் தானும் மற்றவர்களும் மாறி மாறிப் போய், எந்த முகமூடி தாக்குப்பிடிக்கும் என்று சோதித்தார்.

அவருடைய அண்ணன் ஜேர்மன் தத்துவத்தை நேசித்தவர் என்பதற்காக அந்த நாட்களில் குடும்பத்துக்கே துரோகிப் பட்டம் சூட்டப்பட்டது. தம்பி தன் நுரையீரலைப் பணயம் வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. போர்க்காலத்தில் ஒரு பெயருக்காக, ஒரு மொழிக்காகச் சந்தேகத்துக்குள்ளாவது எப்படியிருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதுவரை நோயாளிக்கு ஒட்சிசன் கொடுப்பது என்றால் முகத்துக்கு அருகே ஒரு புனலைப் பிடிப்பது. பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஹால்டேன் முகத்தோடு ஒட்டும் மூடியும், சேமிக்கும் பையும், அளவைக் கட்டுப்படுத்தும் வால்வும் சேர்ந்த அமைப்பை உருவாக்கி, எப்படித் தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டும் என்று 1917இல் எழுதினார். இன்று வார்ட்டில் நாம் மாட்டும் ஒட்சிசன் மாஸ்க்கின் முன்னோர் வரிசையில் அது நிற்கிறது.

போர் முடிந்த பிறகும் அவர் அந்தப் படையினரை விட்டுவிடவில்லை. வாயுத் தாக்குதலில் தப்பி, வெளிக்காயம் எதுவும் இல்லாமல், ஆனால் கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள் இருந்தார்கள். நடிப்பு என்று சொல்லிப் புறந்தள்ளுவது இலகுவாக இருந்தது. ஹால்டேன் அவர்களுடைய மூச்சை அளந்தார். மூச்சு ஆழமில்லாமல் வேகவேகமாக ஓடுவதையும், அதனால் நுரையீரலின் சில பகுதிகளுக்குக் காற்றுச் சரியாகப் போகாமல் இரத்தத்தில் ஒட்சிசன் குறையக்கூடும் என்பதையும் காட்டினார்.

2009இல் புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடம் ஆஸ்பத்திரியானதும், அங்கே மருந்துக்கும் சேலைனுக்கும் பட்ட பாடும் நம் வாசகர்கள் அறிந்தவை. முகாமிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர்களில், எங்கள் தோட்டங்களிலிருந்து 1977க்குப் பிறகு போய்க் குடியேறிய குடும்பத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் பின்னர் மலையகத்துச் சொந்தங்களிடம் திரும்பி வந்தார்கள். நெஞ்சுக் காயம் ஆறியும் மூச்சு ஆறாதவர்களை நான் இங்கேயும் கண்டேன். அப்படிப்பட்டவருக்கு நாற்காலியில் இருத்தி விரலில் மாட்டினால் 96 காட்டும். ஆறு நிமிடம் நடக்கவிட்டு மாட்டினால் 88க்கு இறங்கும். அவர் மூச்சு வாங்குகிறது என்று சொன்னது நடிப்பில்லை என்பதற்கு அந்த இலக்கம் சாட்சி. இந்த இடத்தில் ஒக்சிமீட்டர் ஏழையின் பக்கம் நிற்கிறது.

விரலுக்கு வந்த வெளிச்சம்

நாடியைத் திறக்காமல் ஒட்சிசனை அளக்கும் முயற்சி ஹால்டேனின் கடைசிக் காலத்தில் தொடங்கிவிட்டது. 1935இல் ஜேர்மனியின் கார்ல் மத்தேஸ் காது மடலினூடாக ஒளியைச் செலுத்தி அளந்தார். இரண்டாம் உலகப்போரில், உயரத்தில் மயங்கும் விமானிகளுக்காக அமெரிக்கரான கிளென் மில்லிக்கன் காதில் மாட்டும் கருவி செய்து, அதற்கு ஒக்சிமீட்டர் என்று பெயர் வைத்தார். அவர் 1947இல் மலையேறும்போது விபத்தில் இறந்துபோனார்.

இன்றைய கருவியின் யோசனை ஜப்பானைச் சேர்ந்த டகுவோ அயோயாகியுடையது. நிஹொன் கோடென் நிறுவனத்தில் வேலை செய்த அவர், இதயம் எவ்வளவு இரத்தம் இறைக்கிறது என்று காதினூடாக அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு அவருடைய அளவைக் குழப்பியது. அந்தத் தொந்தரவையே அவர் பயன்படுத்திக்கொண்டார். துடிக்கும் பகுதி நாடி இரத்தம் மட்டும்தான். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, துடிப்போடு மாறும் பங்கை மட்டும் ஒப்பிட்டால் தோலும் எலும்பும் கணக்கில் வராமல் போகும். 1974இல் இதை வெளியிட்டார். அவர் பிறந்தது 1936 பெப்ரவரியில். ஹால்டேன் இறந்தது அதற்கு அடுத்த மாதம்.

சத்திரசிகிச்சையில் மயக்க மருந்து கொடுக்கும்போது இந்தக் கருவி காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. நிமோனியா வந்த குழந்தைக்கு எப்போது ஒட்சிசன் கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்க இதைவிட எளிய துணை கிடையாது. 90க்குக் கீழே என்றால் பொறுத்திருக்கக்கூடாது. ஆனாலும் அதன் எல்லைகளை அறிந்திருக்க வேண்டும். குளிரில் விறைத்த விரலில் அது தடுமாறும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும். நகப்பூச்சை அகற்ற வேண்டும். தோலின் நிறமும் பாதிக்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். வெயிலிலும் மழையிலும் கறுத்த நம் விரல்களுக்கும் இது கவலைப்பட வேண்டிய விடயம்.

லயத்தில் கேட்க வேண்டியவை

ஹால்டேன் 75 வயதிலும் ஓய்ந்து இருக்கவில்லை. எண்ணெய்த் தொழிலாளர்களுக்கு வெப்பத்தால் வரும் நோயை ஆராய்வதற்குப் பாரசீகம் வரை போய்வந்தார். திரும்பி வந்தபின் நிமோனியா பிடித்தது. 1936 மார்ச் நடுவில், நள்ளிரவையொட்டி, ஒக்ஸ்போர்ட்டில் உயிர் பிரிந்தது. வாழ்நாள் முழுக்கப் பிறருடைய மூச்சை அளந்தவரை நுரையீரல் நோயே கொண்டுபோனது.

அவருடைய முறையை நம் மலைக்குக் கொண்டுவந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் யோசிப்பதுண்டு. டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரி 2017இல் திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் மேல் டிவிஷனிலிருந்து அங்கே வரும் தாய்க்கு ஒரு நாள் பேர் போகும். ஆகவே மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால், ஒக்சிமீட்டர் சரி என்று காட்டினாலும், கீழ் இமையையும் உள்ளங்கையையும் பாருங்கள். வெளிறியிருந்தால் ஹீமோகுளோபின் சோதனை கேளுங்கள். அது உங்கள் உரிமை. சாப்பாட்டோடு சாயம் குடிப்பது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். தேயிலை பறிப்பவளுடைய இரத்தத்தைத் தேயிலையே குறைக்கிறது என்பது கசப்பான உண்மைதான். கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அடுப்புப் புகை வெளியே போகக் கூரையில் வழி வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் கேட்க வேண்டியது வேறு. பெரட்டுக்களத்துக்கு அருகிலேயே வருடத்துக்கு இரண்டு தடவையாவது எல்லாப் பெண்களுக்கும் ஹீமோகுளோபின் பார்க்கலாம். ஒக்சிமீட்டரின் விலையைப்போல அதற்கும் பெரிய செலவில்லை. வரும் இலக்கங்களை டிவிஷன் வாரியாக எழுதி வைத்தால், எந்த லயத்தில் தண்ணீரும் மலசலகூடமும் சாப்பாடும் சரியில்லை என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். டண்டியில் நடு இரவில் கதவைத் தட்டி எழுதிய தாளும், டொல்கோத்தில் கக்கூஸ் கேட்டு எழுதிய அறிக்கையும் அப்படித்தான் வேலை செய்தன. அந்தத் தாளை எழுதுவதற்கு வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் வரத் தேவையில்லை. நம் பிள்ளைகளில் தாதியாக, குடும்பநல உத்தியோகத்தராக, ஆசிரியராக வந்தவர்கள் இன்று ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள்.